மாப்ள, வால்வு எங்க கீது?

மாப்ள, வின்னிபெக்குலருந்து நீ அனுப்புன லிஸ்ட்ட உங்கம்மா எனக்குப் படிச்சிக் காட்டுனா. ஆம்பூரு பழைய வூட்டுக்குத் தண்ணி பைப்பு வேல பாக்கப் போறியாம். பூரா செம்பு பைப்பு. பைப்புக்கு மேல போத்தறதுக்கு ஒற. ஒறைக்கு உள்ள சுத்தறதுக்குக் கரண்டு நாடா. மழ ஷவரு ஒண்ணு. எல்லாம் ஒசத்தியாதான் கீது. ஒரே ஒரு சந்தேகம். மே மாசம் மத்தியானம் நம்ம மாடித் தொட்டித் தண்ணியில கால் கழுவுனா கால் வெந்துபோவுது. அந்தத் தண்ணிக்குப் போயி நீ ஸ்வெட்டர் போடறேன்றியே, அதுக்கு வேர்க்காதா?

கிண்டல் பண்றன்னு நெனச்சிக்காத. கிண்டல்தான் பண்றன். தாய்மாமனுக்கு அந்த உரிமை கூட இல்லன்னா, உனக்குக் காது குத்தறப்ப மடியில ஒக்கார வச்சிகினு நீ அழுத அழுகையெல்லாம் நான் எதுக்கு வாங்கணும்?

உங்க ஊரு பயம் நியாயமான பயம்தான், ஒத்துக்கறன். தண்ணி ஒறைஞ்சா நூத்துக்கு ஒம்பது பங்கு பெருசாவுது. இரும்பா இருந்தாலும் செம்பா இருந்தாலும் அந்த ஒம்பதத் தாங்காது. அதுலயும் ஒரு சூட்சுமம் கீது. ஐஸ் கட்டுன எடத்துலயேதான் பைப்பு வெடிக்கும்னு இல்ல. ஐஸு அடைப்புக்கும் மூடுன கொழாய்க்கும் நடுவுல மாட்டிக்கினு போக்கிடம் இல்லாம நெருங்குது பாரு தண்ணி, அதுதான் பொளந்துகினு வரும். கடுங்குளிரு ராத்திரியில கொழாய ரவ தொறந்து சொட்ட வுடுங்கன்னு சொல்றது அதுக்குத்தான். 2014 குளிர்ல உங்க வின்னிபெக்குல பனி மண்ணுக்குள்ள எறங்கி, ஆயிரக்கணக்கான வூட்டுக்குப் போற பைப்பு தரைக்கடியிலயே ஒறைஞ்சி, கொழாய மூடாதீங்கன்னு மாநகராட்சியே ஜனங்க கிட்ட சொல்லிச்சு. 2021 பிப்ரவரியில டெக்சாஸ்ல வந்த குளிர் இன்னும் மோசம். குளிர் பழக்கம் இல்லாத ஊரு. பைப்பெல்லாம் வெளிச்செவுத்துலயும் பரண் மேலயும் சும்மா ஓடிக்கினு இருந்துச்சு, வெடிச்சிபோச்சு.

இதுல எனக்கு உங்க மேல பொறாமதான். உங்க எதிரி ராத்திரி வரான், காலைல தெரிஞ்சிடுது. தரையெல்லாம் தண்ணி. இன்சூரன்ஸ்காரனக் கூப்புடுவ. நம்ம எதிரி உங்க தாத்தா காலத்துலருந்து வூட்டுக்குள்ளயே குடியிருக்கான், வாடக குடுக்காம. சத்தம் போடமாட்டான், வெடிக்கமாட்டான். உப்பு! உங்க ஊருத் தண்ணி பைப்புக்குள்ள கல்லானா வெயில் வந்தா உருகிடும். நம்ம ஊருத் தண்ணி கல்லானா வெயில் ஏற ஏற இன்னும் கெட்டியாவும்.

நம்பலன்னா கேளு. போன மாசம் கெணத்தடி எல்போவ பிளம்பர் தம்பி கழட்டுனான். அர இஞ்சு ஜி.ஐ. பைப்பு. உள்ள பாத்தா பென்சிலு நொழையற ஓட்டதான் பாக்கி. மிச்சமெல்லாம் வெள்ளையும் செவப்புமா அடுக்கடுக்கா சுண்ணாம்பும் துருவும். சமையல் ரூம்புல தண்ணி வரலன்னு உங்கம்மா பத்து வருஷமா மோட்டர திட்டிக்கினு இருந்தா. மோட்டர் பாவம், ஊசிக் காதுக்குள்ள ஒட்டகம் ஓட்டிக்கினு இருந்துது.

ஜி.ஐ. பைப்புன்றது இரும்பு மேல துத்தநாகம் பூசுனது. அந்தப் பூச்சு மொதல்ல தன்ன அழிச்சிக்கினு இரும்பக் காப்பாத்தும். நல்ல தண்ணியா இருந்தா ரொம்ப வருஷம் ஓடும். சுண்ணாம்பு மெல்லிசா படிஞ்சா கூட பைப்புக்கு அது காவல்தான். தடிச்சாத்தான் வம்பு. தண்ணியில உப்பு ஏறிப்போச்சுன்னா அந்தக் காவலும் நிக்காது, பூச்சும் நிக்காது. மொத ஓட்ட எங்க வுழும் தெரியுமா? மரை வெட்டுன எடத்துல. மரை வெட்டறப்பவே பூச்சும் போவுது, இரும்பும் மெலிஞ்சிடுது. அதனால நம்ம வூட்டுல பைப்பு நடுவுல ஒழுகறத நீ பாக்கவே மாட்ட, எல்லாம் ஜாயிண்டுலதான். நீ சொல்ற செம்பு பைப்ப கொண்டாந்து இதோட ஜாயிண்டு போட்டா கத முடிஞ்சிது. செம்பும் துத்தநாகமும் ஒரே தண்ணியில பக்கத்துல பக்கத்துல இருந்தா, செம்பு ஜம்முனு இருக்கும், ஜி.ஐ. தான் கரையும். மாமியாரும் மருமவளும்னு சொல்லலாம், உங்கம்மா அடிக்க வருவா. வுடு.

குடிக்கற தண்ணியில கரைஞ்ச உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம், வேற வழியே இல்லன்னா 2,000 வரைக்கும் பரவால்லன்னு இந்திய தர நிர்ணயம் சொல்லுது. ஆம்பூரு, வாணியம்பாடி, ராணிப்பேட்ட பக்கம் எத்தினி போரு அந்த 2,000-த்தத் தாண்டிக் கீதுன்னு கேளு. கேன் தண்ணி போடற பையன் சொல்லுவான், அவனுக்குத்தான் அந்தக் கணக்குல லாபம்.

இந்த உப்பு எங்கருந்து வந்துச்சுன்னு நான் உனக்குச் சொல்லணுமா? பச்சத் தோலு கெடாம இருக்க உப்பு போட்டுதான் லாரியில வருது. டேனரியில மொத வேலையே அதத் தண்ணியில ஊற வச்சி உப்ப எடுக்கறதுதான். அந்தத் தண்ணி எங்கயாவது போயாவணும். அப்பால சுண்ணாம்பு, அப்பால குரோமியம். எங்க தாத்தா காலத்துல ஆவாரம் பட்டயும் கடுக்காயும் போட்டுத் தோலு பதம் பண்ணாங்க. அப்பவும் நாத்தம் உண்டு. ஆனா கெணத்துத் தண்ணிய மாடு குடிச்சிது.

1991-ல வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்சநீதிமன்றத்துக்குப் போச்சு. 1996 ஆகஸ்ட் 28-ல தீர்ப்பு வந்துச்சு. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணி, சுமார் 170 வகை ரசாயனம், இந்தத் தோல் பக்கத்துல மட்டும் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நெலம் பாதியோ முழுசோ பயிருக்கு ஒதவாம போச்சுன்னு அதுல எழுதிக் கீது. டேனரி ஒவ்வொண்ணுக்கும் 10,000 ரூபா அபராதம். மாசு பண்ணவந்தான் காசு குடுக்கணும்றது இந்த நாட்டுச் சட்டம்னு சொன்ன தீர்ப்பு அது. இந்தியா பூரா வக்கீலுக்குப் படிக்கற பசங்க இன்னிக்கும் பரீட்சையில வேலூரு பேர எழுதித்தான் மார்க்கு வாங்கறாங்க. நம்ம ஊருத் தண்ணி யாருக்காவது ஒதவுச்சுன்னா அவங்களுக்குத்தான்.

அப்பால ஆணையம் போட்டாங்க, நஷ்டஈட்டுக்குக் கணக்குப் பாத்தாங்க. கொஞ்சம் பேருக்கு வந்துச்சு, கொஞ்சம் பேருக்கு வரல. இருவத்தெட்டு வருஷம் கழிச்சி, 2025 ஜனவரி 30-ல உச்சநீதிமன்றம் மறுபடியும் ஒக்காந்து, பாக்கி கீறவங்களுக்கு ஆறு வாரத்துல பணத்தக் குடுங்க, ஓய்வு பெற்ற ஹைகோர்ட்டு ஜட்ஜு தலைமையில கமிட்டி போடுங்கன்னு சொல்லிச்சு. ஆறு வாரம்! சர்க்காரு காலண்டர்ல வாரம் எவ்ளோ நீளம்னு உனக்குத் தெரியும். இதுல நான் கவனிச்ச சங்கதி ஒண்ணு கீது மாப்ள. கழனி கணக்குல வந்துச்சு, கெணறு கணக்குல வந்துச்சு. செவுத்துக்குள்ள கீற அர இஞ்சு பைப்பு எந்தக் கணக்குலயும் வரல. மாசு பண்ணவன் குடுக்கணும்றது சட்டம். பிளம்பருக்குக் குடுக்கறது நாம.

ஆனா எல்லாத்தையும் தோலு தலையிலயே கட்டவும் எனக்கு மனசு வரல. உங்கம்மா ஷூ கம்பெனியில அப்பர் தெச்ச காசுலதான் நீ இஞ்சினீருக்குப் படிச்ச, அந்தக் காசுலதான் இப்ப அங்க ஒக்காந்துகினு எனக்கு லிஸ்ட்டு அனுப்பற. பாறைக்குள்ள ஆழமா போரு போட்டதும் நாமதான், ஆத்து மணல லாரி லாரியா ஏத்த வுட்டுட்டு வேடிக்க பாத்ததும் நாமதான். நந்திமலயில பொறந்து, தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் 222 கிலோமீட்டர் ஓட வேண்டிய பாலாறு வருஷத்துல முக்காவாசி நாளு கிரிக்கெட் கிரவுண்டு. வேலூரப் பத்தி பழைய கேலி ஒண்ணு உண்டு இல்ல, ராஜா இல்லாத கோட்ட, சாமி இல்லாத கோயிலு, தண்ணி இல்லாத ஆறுன்னு? ஜலகண்டேஸ்வரரு 1981-ல கோட்டைக்குத் திரும்பி வந்துட்டாரு. ஆத்துக்குத் தண்ணி 2021 நவம்பர்ல வந்துச்சு. கரையோரம் இருந்தவங்கள வூட்ட வுட்டுத் தொரத்திட்டு அப்பிடியே போயிடுச்சு. ராஜாவத்தான் இன்னும் காணோம்.

இப்பல்லாம் டேனரிக் கழிவுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நெலயம் கீது. ஒரு சொட்டு கூட வெளிய வுடக் கூடாதுன்னு ஆர்.ஓ. போட்டு வடிகட்டி, மிச்ச உப்பக் காய வைக்கறாங்க. அந்த உப்ப எங்க கொண்டு போயி கொட்டறதுன்றது அடுத்த தலைவலி. மண்ணுக்குள்ள முன்னயே எறங்குனது அப்பிடியேதான் கீது. அதனால, கோர்ட்டும் கமிட்டியும் வந்து உங்க தாத்தா வூட்டு பைப்ப மாத்தித் தருவாங்கன்னு குந்திக்கினு இருக்காத.

வேலைக்கு வரன். நீ லிஸ்ட்டு போட்டியே, அதுல வால்வுன்ற வார்த்தையே இல்ல. அந்த வூட்டு மெயின் வால்வு எங்க கீதுன்னு தெரியுமா உனக்கு? தெரியாது. உங்கம்மாவுக்கும் தெரியாது. துளசி மாடத்துக்குப் பின்னால, உங்க தாத்தா போட்ட கடப்பாக் கல்லுக்கு அடியில கீது. போன வருஷம் பாத்ரூம்புல கொழாய் கழண்டு கையோட வந்தப்போ, வூட்டுல கீற நாலு பேரும் துணிய வச்சி அமுக்கிக்கினு எனக்குப் போன் பண்ணாங்க. கல்ல நவுத்தி வால்வத் திருப்புனா அது திரும்பல. பித்தள கேட் வால்வு, வருஷக் கணக்கா யாரும் தொடல, சுண்ணாம்பு புடிச்சி செல ஆயிடுச்சு. தொட்டி காலியாவற வரைக்கும் தண்ணி தெருவுல ஓடுச்சு. தெருவே வந்து குடத்துல புடிச்சிகினு போச்சு, நம்ம வூட்டுல அன்னதானம்னு.

அதனால மொத செலவு அங்க. கேட் வால்வ எடுத்துட்டு பால் வால்வு போடு, கால் சுத்துல மூடிக்கும். மெயினுக்கு ஒண்ணு, தொட்டி வாயில ஒண்ணு, சமையல் ரூம்புக்கு ஒண்ணு, பாத்ரூம்புக்கு ஒண்ணு. மாசத்துக்கு ஒரு தபா எல்லாத்தையும் ஒரு வாட்டி மூடித் தொறக்கச் சொல்லு, அப்பத்தான் உப்பு புடிக்காது. அமாவாசைக்கு அமாவாச செய்யச் சொல்லு. சாமிய மறந்தாலும் உங்கம்மா அமாவாசைய மறக்கமாட்டா.

அடுத்தது ஒழுக்கு. எங்க ஒழுகுதுன்னு தெரியாமலே செவுத்த ஒடைக்கறதுதான் பாதி பேரு பண்ற வேல. ராத்திரி எல்லாக் கொழாயும் மூடிட்டு, மாடித் தொட்டியில தண்ணி மட்டத்துக்கு நேரா ஒரு கோடு போடு. காலைல யாரும் பல்லு வெளக்கறதுக்கு முன்னால போய்ப் பாரு. கோடு கீழ எறங்கியிருந்தா ஒழுக்கு கீது. அடுத்த ராத்திரி பாத்ரூம்பு வால்வ மட்டும் மூடிப் பாரு, அதுக்கடுத்த நாளு சமையல் ரூம்பு. திருடன் எந்த ரூம்புல கீறான்னு கோடே சொல்லிடும். ஒரு சொட்டுதானேன்னு சொல்லாத. ஒரு மில்லிக்கு இருவது சொட்டுன்னு வச்சாலும், வினாடிக்கு ஒரு சொட்டுன்னா நாளைக்கு 86,400 சொட்டு, நாலு லிட்டருக்கு மேல. அஞ்சு நாளைக்கு ஒரு கேன் தண்ணி சாக்கடைக்கு. கேன் தண்ணிக்கு பேரம் பேசற பொம்பளைங்க இதக் கண்டுக்கறதே இல்ல.

செவுத்துல உப்பு பூத்துதுன்னா, ஓதம் ஏறுதுன்னா, அது பின்னால பைப்பு கீதான்னு பாரு. உங்க தாத்தா வூடு செங்கல்லும் சுண்ணாம்பும் வச்சிக் கட்டுனது. அதுல சிமெண்டு பூசித் தொலைக்காத. ஈரம் வெளிய மூச்சு வுட எடமில்லாம உள்ளயே தங்கும். பூச்சு பட்ட பட்டயா உதிரும். சுண்ணாம்புச் செவுத்துக்குச் சுண்ணாம்புதான். பழைய கொத்தனாருங்க ரெண்டு பேரு இன்னும் பேர்ணாம்பட்டு பக்கம் கீறாங்க, நான் கூட்டாரன்.

உள்ள பொதஞ்சி கீற பழைய ஜி.ஐ. லைன ஒட்டுப் போட்டு ஓட்டலாம்னு எவனாவது சொன்னா சிரிச்சிட்டு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடு. ஒரு ஜாயிண்டு ஒழுகுதுன்னு பைப் ரென்ச்ச போட்டு முறுக்குனா, அந்த முறுக்கு அடுத்த ஜாயிண்டுக்குப் போவுது. அங்க மரை ஏற்கெனவே பொடிஞ்சி கீது. ஒண்ணத் தொட்டா மூணு ஒழுகும். அந்தத் தம்பி மூணுக்கும் கூலி வாங்குவான், அவன் மேலயும் தப்பு இல்ல. பழைய லைன உள்ளயே வுட்டு வாய அடைச்சிடு. புதுசா செவுத்துக்கு வெளிய, கண்ணுக்குத் தெரியறாப்புல க்ளாம்பு போட்டு சி.பி.வி.சி. ஓட்டு. அழகா இருக்காதுன்னு உன் பொண்டாட்டி சொல்லும். ஒழுகுனா தெரியும்னு நீ சொல்லு.

சாதா பி.வி.சி. வெந்நீருக்கு ஆவாது. அறுவது டிகிரி சூட்டுலயே தொவண்டுடும். சி.பி.வி.சி. தொண்ணூறு தாண்டித் தாங்கும். பேஸ்ட்டு தடவறதுக்கு முன்னால வெட்டுன மொனையில பிசிறு இல்லாம செதுக்கிட்டு, தண்ணி இல்லாமத் தொடைக்கணும். ரெண்டு பக்கமும் தடவி, கால் சுத்து திருப்பி உள்ள ஏத்தி, அரை நிமிஷம் அப்பிடியே புடிச்சிக்கணும், இல்லன்னா பின்னால தள்ளிகினு வந்துடும். அன்னிக்கே தண்ணி வுடக் கூடாது. இதத்தான் நம்ம பசங்க கேக்கமாட்டாங்க. சாயங்காலம் கூலி வாங்கிகினு போவணும், தண்ணி வந்தாத்தான் நீ கூலி குடுப்ப. கூலிய அன்னிக்கே குடுத்துடு, தண்ணிய மறுநாளு வுடு. மாடியில வெயில் படற பைப்புக்குப் பெயிண்டு அடி. வேலூரு வெயில் பிளாஸ்டிக்க அப்பளமா மாத்திடும், கை பட்டா நொறுங்கும்.

மரைக்கு அந்தக் காலத்துல சணல் நூலும் பெயிண்டும் சுத்துவாங்க. இப்ப டெஃப்லான் டேப்பு. மரை ஏறற பக்கமாவே சுத்தணும், எதிர்ப்பக்கம் சுத்துனா முறுக்கறப்போ உருவிக்கினு வரும். ரொம்ப இறுக்கினா பிளாஸ்டிக் மரை கீறிடும், அது ஒடனே ஒழுகாது. நீ ஏரோப்ளேன் ஏறுனப்பறம் ஒழுகும்.

மழ ஷவருன்னு ஆசப்பட்டியே. மாடித் தொட்டி ஷவருக்கு மேல பத்தடிதான் ஒசரம். பத்து மீட்டர் ஒசரம் இருந்தாத்தான் ஒரு பார் அழுத்தம். உனக்குக் கெடைக்கறது அதுல மூணுல ஒரு பங்கு. அந்த அழுத்தத்துக்கு அந்த ஷவரு மழ பெய்யாது, மூக்கு ஒழுகும். அதுக்குன்னு பிரஷர் பம்பு வச்ச, பழைய லைன் பொளந்துகினு போவும். உங்க ஊரு ஐஸு பண்ற வேலய நீ கரண்டு பில்லு கட்டிப் பண்ணுவ. புது லைன் முழுசா போட்டப்புறம் வேணும்னா வச்சிக்க. அதுவரைக்கும் பக்கெட்டு, சொம்பு. அதுலதான் நீ வளந்த.

தண்ணி ரெண்டு வகையா வருது, பைப்பையும் ரெண்டா பிரி. மேட்டூருலருந்து கூட்டுக் குடிநீரா வர்ற காவேரித் தண்ணிக்குத் தனித் தொட்டி, தனி லைன். அது சமையல் ரூம்புக்கும் கீசருக்கும் மட்டும். போர் தண்ணி கக்கூசுக்கும், வாசல் தெளிக்கறதுக்கும். உப்புத் தண்ணியக் காய்ச்சுனா சுண்ணாம்பு கம்பி மேலதான் மொதல்ல படியும். கம்பி சுடும், தண்ணி சுடாது, கரண்டு ஓடும். கீசர் கம்பிய எடுத்துப் பாத்தா அது எலும்பா பல்லான்னு தெரியாது. படிஞ்சத எடுக்கறன்னு கடையில ஆசிட் வாங்கி ஊத்தறாங்க பாரு, அது சுண்ணாம்போட நிக்காது, பைப்பு பூச்சையும் தின்னும். ஷவர் தலையும் கொழாய் வலையும் அடைச்சா எலுமிச்ச உப்பு கரைச்ச தண்ணியில ராத்திரி ஊற வை, போதும். பித்தளைக்குப் புளி.

சாஃப்ட்னர் மிஷின் வாங்கலாமான்னும் கேட்டியாம். அது சுண்ணாம்ப எடுத்துட்டு அந்த எடத்துல சோடியத்த வுடும். மொத்த உப்பு கொறையாது. அப்பப்ப மூட்ட உப்பு கொட்டிக் கழுவணும், அந்தக் கழிவு பின்பக்க சாக்கடையில எறங்கும். டேனரிக்காரன் மேல கேஸ் போட்ட தெருவுல, நீ ஒரு சின்ன டேனரி வைக்கலாம்னு பாக்கற.

காவேரித் தண்ணி வருதுன்னு பக்கத்து வூட்டுக்காரன் முனிசிபாலிட்டி லைன்லயே மோட்டர் மாட்டி உறியறான். நீயும் மாட்டுன்னு உனக்கு ஒருத்தன் சொல்லுவான். மாட்டாத. சட்டத்துக்காக இல்ல, வயித்துக்காக. தண்ணி வராத நேரத்துல தெரு மெயின் பைப்பு காலியா கீது. அந்த நேரம் உறிஞ்சா, சாக்கடையோரம் கீற ஓட்ட ஜாயிண்டு வழியா இன்னா உள்ள வரும்னு நெனைக்கற? காவேரி மேட்டூருலருந்து இவ்ளோ தூரம் ஏறி வரா, கடைசி அம்பது அடியில அவள நாம கெடுக்கறோம். சம்ப்புல தானா வுழற தண்ணிய அப்பால நீ உன் மோட்டரால மாடிக்கு ஏத்து, யாரும் கேக்கமாட்டாங்க.

கழிவு லைனு பத்தி நீ ஒண்ணுமே எழுதல. தண்ணி வர்றதப் பத்தித்தான் எல்லாருக்கும் கவல, போறதப் பத்தி யாருக்கும் இல்ல. நம்ம வூட்டுல அது சுட்ட மண்ணுக் கொழா. ஜாயிண்டுல சிமெண்டு வெடிச்சி, பின்னால கீற தென்ன வேரு உள்ள பூந்து சட போட்டுக் கீது. வருஷா வருஷம் மூங்கில் பட்ட வுட்டுக் குத்தறாங்க, குத்தக் குத்த ஜாயிண்டு இன்னும் தெறக்குது. அந்தப் பக்கம் தோண்டி பி.வி.சி. போடறதுதான் வழி. தென்னைய வெட்டுன்னு சொல்ல வரல, கொழாய தள்ளிப் போடு.

செப்டிக் டேங்க்கு நெறஞ்சா லாரியக் கூப்புடு. இதுல கிண்டல் இல்ல. ஒரு மனுஷன எறக்கி சுத்தம் பண்ணா 2013 சட்டப்படி குத்தம், பணம் குடுத்து எறக்குனவனுக்கும் ஜெயிலு. மூடியத் தொறந்ததும் உள்ள கீற வாயுவோட வாசன தெரியறதுக்கு முன்னாலயே ஆளு சாஞ்சிடுவான். இந்தப் பக்கத்துல டேனரித் தொட்டியில எறங்கி அப்பிடிப் போனவங்க கொஞ்சம் பேரு இல்ல. ராணிப்பேட்டையில 2015 ஜனவரி கடைசியில சுத்திகரிப்பு நெலயத்துத் தொட்டிச் செவுரு இடிஞ்சி, தூங்கிக்கினு இருந்த கூலிக்காரங்க பத்து பேரு அந்தக் கழிவுலயே செத்தாங்க. கழிவுன்னா அலட்சியம் பண்றவங்க அதுக்குப் பக்கத்துல படுக்கறது இல்ல. உங்கப்பா காலத்துல ஒரு தபா ஆள எறக்குனாங்க, நானும் கூட நின்னன். இனிமே அந்த வூட்டு மூடி ஆளுக்காகத் தொறக்கக் கூடாது.

வூட்டப் பூட்டிக்கினு போறப்ப உங்க ஊருல மெயின மூடி, பைப்புல கீற தண்ணிய வடிச்சிட்டுப் போவணும்னு சொன்ன. அது இங்கயும் நல்ல பழக்கம்தான். ஒறையும்னு இல்ல, ஆளில்லாத வூட்டுல ஒழுகுனா ஓதம் செவுத்தத் தின்னுடும்னு. ஆனா ஒண்ண வடிக்கக் கூடாது. பாத்ரூம்பு தரையில நாணி ட்ராப்புன்னு கீது இல்ல, அதுல நிக்கற தண்ணிதான் சாக்கட நாத்தத்தையும் கரப்பானையும் தடுக்குது. நம்ம வெயிலுக்கு அது ஒரு மாசத்துல காஞ்சிடும். பூட்டறதுக்கு முன்னால தண்ணி ஊத்தி, மேல ரெண்டு ஸ்பூன் தேங்காயெண்ண வுடு, ஆவியாவறது மட்டுப்படும். எண்ணெய்க்கு உங்கம்மாகிட்ட கணக்கு சொல்லிடு.

அப்பால பிளம்பர் தம்பி. வாட்ஸ்அப்புல படம் போட்டு அவனுக்கு நீ பாடம் எடுக்காத. உன் படிப்பு அவனுக்குத் தெரியாது, அவன் கை உனக்குத் தெரியாது. ஹார்டுவேர் கட பாய் கிட்ட நானே போயி பைப்பு வாங்கறன். லோக்கல் சரக்கு வேண்டாம், ஐ.எஸ்.ஐ. முத்திர பாத்து வாங்குங்கன்னு அவரே சொல்லுவாரு. சொல்லிட்டு லோக்கல் சரக்கையும் ஒரு ஓரமா காட்டுவாரு, வியாபாரம் இல்லியா. வேல முடியறப்போ எந்தச் செவுத்துல எந்த லைன் போவுதுன்னு போட்டோ புடிச்சி, வால்வு ஒவ்வொண்ணுக்கும் பெயிண்டுல பேரெழுதச் சொல்லு. அடுத்த தடவ நான் வந்து கல்லு நவுத்திக் காட்ட, எனக்கு வயசு கொறஞ்சிகினு வரல.

ஐப்பசி, கார்த்திகயில தோண்டாத, மழ. மார்கழியில ஆளு கெடைப்பான், ஆனா ஈரம் காயாது. தை பொறந்து பத்து நாளுல ஆரம்பிச்சா மாசிக்குள்ள முடிச்சிடலாம். பங்குனி பொறந்துட்டா ஊருல கீற அத்தன பிளம்பரும் வறண்டுபோன போரு மோட்டருக்குப் பின்னால ஓடுவாங்க, நீ டாலர்ல கூலி குடுத்தாலும் வரமாட்டாங்க. அட்வான்ஸ இந்த மாசமே அனுப்பி வை.